குழாய் வந்தால் ஊரில் என்ன மாறும்? – கேள்வி பதில்

கிராமக் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறேன். சென்னைக்கு வந்த பிறகும் சொந்த ஊர்த் தண்ணீரை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

வேளச்சேரி: சார், மாமியார் ஊர் ராமநாதபுரம் பக்கம். இப்போதுதான் வீட்டுக்குக் குழாய் வந்திருக்கிறது. நிஜமாகவே வாழ்க்கை மாறுமா?

மாறும் அம்மா. நோய் குறைவது அப்புறம்தான் தெரியும். முதலில் கைக்கு வருவது நேரம். கிராம வீடுகளுக்குக் குழாய் கொடுக்க 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 18 குடத்துக்கு மேல். உங்கள் மாமியார் காலத்தில் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியால் மோந்து மோந்துதான் ஒரு குடத்தை நிரப்புவார்கள். பிறகு தள்ளுவண்டி வந்தது, ஆனால் தள்ளியதும் பெண்கள்தான். நாட்டின் எல்லாக் கிராம வீடுகளுக்கும் குழாய் வந்தால், தண்ணீர் எடுக்கச் செலவாகும் நேரத்தில் தினமும் 5.5 கோடி மணி நேரம் மிச்சமாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கணக்கிட்டது. அந்த எண்ணை விட எனக்கு நெஞ்சில் நிற்பது, குழாய் வந்த ஆறாம் மாதம் ஓர் ஊரில் ஒரு அம்மா சொன்னது: “இப்பதான் சார் காலையில உட்கார்ந்து டீ குடிக்கிறேன்.”

அம்பத்தூர்: ஐயா, நாங்கள் தர்மபுரிக்காரர்கள். அப்பாவுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?

போதாது தம்பி. அந்தக் கறைக்குக் காரணம் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. சிறுவயதில் பல்லில் ஏறிய கறை இனி மாறாது. ஆனால் பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றலாம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது இதற்காகத்தான். ஒன்றை மட்டும் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். குடிக்க ஆற்றுத் தண்ணீர், சோறு குழம்புக்குப் போர் தண்ணீர் என்று பிரித்து வைக்கிறார்கள். சோற்றோடு ஃபுளோரைடும் உள்ளே போகிறது.

பெரம்பூர்: குழாய் இருந்தும் எங்கள் ஊரில் வயிற்றுப்போக்கு வருகிறதே, ஏன்?

தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். விரிசல் இருந்தால் வெளியிலுள்ள அழுக்கை உள்ளே இழுக்கும். வேகமாக வரட்டும் என்று குழி வெட்டிக் குழாயைத் தாழ்த்தி வைப்பவர்களும் உண்டு. அந்தக் குழியில் தேங்குகிற சாக்கடையும் இப்படித்தான் உள்ளே போகிறது. கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின், கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்கிறவர் டேங்க் ஆபரேட்டர். ஒரு ஊரின் வயிறு அவர் கையில் இருக்கிறது; அவருக்குக் கொடுக்கும் சம்பளமோ சொல்லும்படி இல்லை. கோடிக்கணக்கில் குழாய் பதித்துவிட்டு இந்த இடத்தில் கையைச் சுருக்குவது எனக்கு இன்றும் ஆறவில்லை.

திருவான்மியூர்: குழாய் வந்தால் தண்ணீரில் சாதி போய்விடுமா?

பொதுக் கிணற்றடியில் ஒதுங்கி நிற்கும் அவமானம் குறையும். ஆனால் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்ததே. குழாயால் மட்டும் சாதி போகாது.

மடிப்பாக்கம்: நாங்களே லாரித் தண்ணீர் வாங்குகிறோம். கிராமத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

அந்த லாரி எங்கே நிரம்புகிறது என்று பாருங்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு கிராமங்களின் கிணறுகளில். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீரே உள்ளே ஏறிவிட்டது. 2019 ஜூலையில் நமக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. கிணறு உப்பாகிப் போன ஊருக்கு யார் ரயில் விடுவார்கள்?

தாம்பரம்: ஊர்த் தண்ணீரை எங்கே சோதிப்பது?

மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கும். கிருமி சோதனைக்கு மட்டும் வீட்டுப் பாட்டிலில் பிடிக்காதீர்கள். கிருமி நீக்கிய பாட்டிலை அங்கேயே கேட்டு வாங்குங்கள். பிடித்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.