திருகோணமலையில் விசேட தேவையுள்ள பிள்ளைகளின் கல்வியை யார் கண்காணிக்கிறார்கள்? சரியாக நடக்காவிட்டால் யாரிடம் போவது?

என் மகனுக்கு 13 வயது. ஓட்டிசம். ஆறு வருடமாக ஓர் அரச பாடசாலையின் விசேட கல்வி அலகில், அதாவது சாதாரண பாடசாலைக்குள் இப்படியான பிள்ளைகளுக்கென்று இருக்கிற தனி வகுப்பில், படிக்கிறான். இந்த ஆறு வருடத்தில் நான் ஏறி இறங்கிய கந்தோர்களை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பிள்ளையை முழுதாகப் பார்க்கிற ஒரு கந்தோர் எங்கள் மாவட்டத்தில் இல்லை. பாடசாலையும் ஆசிரியரும் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கீழே. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து வலயங்கள். உதவிப்பணம், சக்கர நாற்காலி என்றால் பிரதேச செயலகத்தில் இருக்கிற சமூக சேவை உத்தியோகத்தர். அப்படிப் பதினொரு பிரதேச செயலகங்கள். பிள்ளையின் வளர்ச்சி பிந்துகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டிய மிட்வைஃப் மிஸ் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையைச் சேர்ந்தவர். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பதிவேடு இருக்கிறது. என் மகனுடைய பெயர் மூன்றிலும் இருக்கிறது. மூன்றையும் ஒன்றாக வைத்து ஒத்துப்பார்க்கிற ஒருவரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

இதில் நட்டப்படுவது அலகில் இருக்கிற பிள்ளைகள் மட்டுமில்லை. கிளினிக் கொப்பியில் பெயர் இருந்து, பாடசாலை இடாப்பில் இல்லாத பிள்ளைகள்தான் கூட நட்டப்படுகிறார்கள். 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலை போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முதலில் 14 வயது வரை என்றிருந்ததை 2016இல் 16 ஆக்கினார்கள். சாதாரணப் பிள்ளை ஒன்று இரண்டு மாதம் வராவிட்டால் யாராவது வீடு தேடிப் போய் விசாரிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் வராவிட்டால் "அந்தப் பிள்ளைக்கு ஏலாது" என்று அதோடு விட்டுவிடுகிறார்கள்.

கல்விப் பக்கத்தில் கண்காணிப்பு என்று இருப்பது என்ன? வலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பாக ஓர் உதவிக் கல்விப் பணிப்பாளரும் ஆசிரிய ஆலோசகரும் இருப்பார்கள். அவர்கள் பாடசாலைக்கு வந்து அலகைப் பார்த்துவிட்டு, அதிபரின் அறையில் இருக்கிற சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். அந்தக் குறிப்புத்தான் பதிவு. பெற்றோர் அதைப் பார்ப்பதில்லை. அப்படியொரு புத்தகம் இருக்கிறது என்பதே எனக்கு நாலாம் வருடத்தில்தான் தெரிய வந்தது.

அது தெரிய வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்கு உதவப்போவது அதுதான்.

2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளை மூடித் திறந்த காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். என் மகனுக்கு ஒரு நாள் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். காலையில் எந்தச் சப்பாத்து, எந்த ஓட்டோ, எந்தக் கதிரை என்பதெல்லாம் மாறக்கூடாது. அந்த மாதங்களில் அவன் கற்றது பாதி கலைந்துவிட்டது. பாடசாலை ஒழுங்காகத் தொடங்கியதும் எல்லாம் சரியாகும் என்று நம்பினேன். ஆனால் அந்த நேரம் ஆசிரியர் தட்டுப்பாடு. ஆறாம் ஆண்டுக்கு ரீச்சர் வரவில்லை என்றால், அலகு ரீச்சரை அந்த வகுப்பைப் பார்க்க ரிலீவுக்கு அனுப்புவார்கள். அலகில் உள்ள பிள்ளைகளின் வீட்டுக்குக் கோல் வரும். "அம்மா, தம்பியை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ." ஒன்பதரைக்கு, சில நாள் எட்டரைக்கே. பாலையூற்றிலிருந்து ஓட்டோவில் கொண்டுபோய் விட்டு, வீடு வந்து உலையை வைக்க முதல் அந்த அழைப்பு வந்த நாட்கள் உண்டு.

ரீச்சரில் பிழை இல்லை. அவர் நல்ல பயிற்சி பெற்றவர், பிள்ளைகளில் உயிராக இருந்தார். அதிபருக்கும் வேறு வழி இருக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு வகுப்பில் ஓட்டை விழுந்தால், ஒவ்வொரு முறையும் எங்கள் பிள்ளைகளின் வகுப்பிலிருந்து பிய்த்துத்தான் அதை அடைத்தார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கித் திகதி போட்டு எழுதத் தொடங்கினேன். இன்றைக்கு எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், யார் பேசினார்கள், என்ன காரணம் சொன்னார்கள். ஜமாலியாவிலிருந்து மகளைக் கூட்டிவருகிற ராத்தா ஒருவர் கேட்டார், "தங்கச்சி, எழுதி வெச்சு என்ன வரப்போகுது?" அந்த நேரம் என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனாலும் அடுத்த கிழமை அவரும் ஒரு கொப்பியோடு வந்தார்.

ஒரு தவணை முழுக்க எழுதிய பிறகு வலயத்துக்குப் போனோம். அங்கே மரியாதையாகத்தான் பேசினார்கள். "அலகு நல்லா இயங்குது என்றுதானே எங்களுக்கு ரிப்போட் இருக்கு அம்மா" என்றார் ஒரு அதிகாரி. எந்த ரிப்போட் என்று கேட்டபோதுதான் சம்பவத்திரட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். பார்க்கலாமா என்றேன். அது உள்ளகப் பத்திரம் என்றார். வெளியே வரும்போது இன்னொருவர் நல்லெண்ணத்தில் காதோடு சொன்னார், "இதுகளை எழுத்தில கேட்கப் போகாதேங்கோ. பிறகு பிள்ளைக்குத்தான் கஷ்டம்." அந்த இரவு எனக்கு நித்திரை இல்லை. அந்தப் பயத்தில்தான் எத்தனையோ தாய்மார் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். கடிதம் கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டு தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், மேன்முறையீட்டைப் பார்க்க அந்த நிறுவனத்திலேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பிலிருக்கிற தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. பயம் இருந்தாலும், அந்தச் சட்டப்படி சம்பவத்திரட்டுக் குறிப்பைக் கேட்டு நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரே கடிதத்தைத் தனித்தனியே எழுதினோம். ஒருவரின் பிள்ளையைத் தனியாகக் குறிவைக்க முடியாதபடி இருக்கட்டும் என்பது ராத்தாவின் யோசனை.

பிரதி வந்தது. அந்தத் தவணையில் அலகைப் பார்வையிட்டதாக ஒரு குறிப்பு. இரண்டு வரி. அலகு சிறப்பாக இயங்குகிறது, கற்றல் உபகரணங்கள் போதுமானவை. திகதியைப் பார்த்துவிட்டு என் கொப்பியைப் புரட்டினேன். அதே நாள், 9.20க்குக் கோல், ரீச்சர் ரிலீவில், மகனைக் கூட்டிவந்தேன். ராத்தாவின் கொப்பியிலும் அதே நாள், அதே காரணம். அதிகாரி வந்தபோது அந்த வகுப்பறை பூட்டிக் கிடந்திருக்கிறது.

அந்தக் குறிப்பின் பிரதியையும் எங்கள் கொப்பிப் பக்கங்களின் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வலயத்துக்குக் கொடுத்தோம். யாரையும் குற்றம் சாட்டி ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு விசயம் கேட்டோம். அலகு ரீச்சரை ரிலீவுக்கு அனுப்பக்கூடாது என்று எழுத்தில் அறிவுறுத்த வேண்டும். மேற்பார்வைக்கு வருகிற நாளில் அலகுப் பெற்றோர் ஒருவரைக் கூப்பிட்டு அவரோடும் பேச வேண்டும். முதலாவது ஒரு மாதத்துக்குள் நடந்தது. இரண்டாவது அரைவாசிதான் நடக்கிறது. சில வருகைகளுக்குக் கூப்பிடுகிறார்கள், சிலதுக்கு இல்லை. பிள்ளைக்குக் கஷ்டம் ஒன்றும் வரவில்லை. பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பெற்றோரிடம் பேசுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றியதற்குக் காரணம் என் தம்பி. அவன் இலண்டனில் இருக்கிறான், அவனுடைய மகளுக்கும் இதே நிலை. இங்கிலாந்தில் 2014இல் வந்த சட்டப்படி கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் ஒரே பத்திரத்தில் எழுதித் திட்டம் கொடுக்கிறார்கள். விண்ணப்பித்து 20 கிழமைக்குள் முடிய வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை மீளாய்வு, தேவைப்பட்டால் 25 வயது வரை. 2016 முதல் பாடசாலைகளைப் பரிசோதிக்கிற ஒஃப்ஸ்டெட்டும் சுகாதார சேவைகளைப் பரிசோதிக்கிற ஆணைக்குழுவும் சேர்ந்து, ஒரு பாடசாலையை மட்டும் இல்லாமல் அந்தப் பிரதேசம் முழுவதையும் பார்க்கின்றன. பெற்றோரையும் பிள்ளைகளையும் கேட்கிறார்கள், முடிவைப் பகிரங்கமாக வெளியிடுகிறார்கள். அங்கேயும் தாமதம் இருக்கிறது. தம்பிக்கு 20 கிழமை கடந்துதான் பத்திரம் கிடைத்தது. ஆனால் "பிந்திவிட்டது" என்று சொல்வதற்கு அவனிடம் ஒரு திகதி இருந்தது. எங்களிடம் அப்படி ஒரு திகதி இல்லை. பிந்தினாலும் எதற்குப் பிந்தியது என்று கேட்க முடியவில்லை.

இன்னொன்று. கல்வி மாகாண சபைக்குக் கொடுக்கப்பட்ட விடயம். கிழக்கு மாகாண சபை கூடுவது எங்கள் ஊரில்தான். 37 உறுப்பினர்கள். கடைசித் தேர்தல் 2012இல், சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது. அதன்பிறகு ஆளுநரும் செயலாளர்களும்தான் நடத்துகிறார்கள். சபை இருந்திருந்தால் எங்கள் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் "அலகுகளில் எத்தனை வெற்றிடம்" என்று எழுந்து கேட்கவும், கல்வி அமைச்சர் என்ற பெயரில் ஒருவர் பதில் சொல்லவும் ஓர் இடம் இருந்தது. இப்போது மிஞ்சியிருப்பது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். திருகோணமலையின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களும் அதில் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் வீதி, நெல், மீன்பிடி, காணி எல்லாம் பேசி எங்கள் விசயத்துக்கு வர மத்தியானம் ஆகிவிடும். ஆனாலும் உங்கள் கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் ஓர் உறுப்பினரிடம் கொடுங்கள், கூட்டத்தில் எடுத்துப் பேசுவதற்கு அவர் கையில் ஏதாவது இருக்கும்.

மாவட்டச் செயலாளரின் தலைமையில் சிறுவர் அபிவிருத்திக் குழு ஒன்றும் இருக்கிறது, பிரதேச மட்டத்திலும் உண்டு. கல்வி, சுகாதாரம், நன்னடத்தை, பொலிஸ் எல்லாரும் ஒரே மேசையில் இருக்கிற இடம் அது. மூன்று பதிவேடுகளையும் ஒத்துப்பார்க்க ஓர் இடம் உண்டென்றால் அது இந்த மேசைதான். உங்கள் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பிடியுங்கள். அந்தக் குழுவுக்கு ஒரு விடயத்தைக் கொண்டுபோவதற்கு வாசல் அவர். எங்கள் அலகுப் பெற்றோர் இப்போது தட்டிக்கொண்டிருக்கிற வாசலும் அதுதான்.

பிள்ளையைச் சேர்க்கவே மாட்டோம் என்று பாடசாலை சொன்னால் அது வேறு விசயம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. மீறினால் 24ஆம் பிரிவின்படி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றம் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தயக்கம். அப்படியானால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. பணம் கட்டத் தேவையில்லை. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே "பேசிப் பார்ப்போம்" என்று மூன்று மாதம் இழுக்க வேண்டாம். பேசுங்கள், முறைப்பாட்டையும் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

தேசிய பாடசாலை என்றால் பாதை மாறும். அது மத்திய கல்வி அமைச்சுக்குக் கீழே வருவதால் வலயத்தில் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், பத்தரமுல்லையில் இருக்கிற அமைச்சுக்கும் ஒரு பிரதி பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தொண்டு நிறுவனம் நடத்துகிற பகல்நேரப் பராமரிப்பு நிலையம் என்றால் சமூக சேவைப் பக்கம்.

நீங்கள் எந்தப் பிரிவிலிருந்து எழுதுகிறீர்கள் என்று தெரியவில்லை. மூதூர், வெருகல் பக்கம் என்றால் ஒவ்வொன்றுக்கும் நகரத்துக்கு வருவது லேசில்லை. பாலங்கள் வந்து பாதை சுருங்கினாலும், பஸ்ஸில் இரைச்சல் தாங்காத பிள்ளையோடு வருவது எப்படியென்று எனக்குத் தெரியும். அதனால்தான் நேரில் அலையாமல் கடிதத்தில் தொடங்கச் சொல்கிறேன். வலயத்தின் தகவல் அலுவலருக்கு நாங்கள் எழுதியது இவ்வளவுதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"இன்ன பாடசாலையின் விசேட கல்வி அலகில் பதிவாகியுள்ள மாணவர் தொகை, அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் தொகை, தற்போது கடமையிலுள்ள ஆசிரியர் தொகை ஆகியவற்றைத் தரவும். கடந்த மூன்று தவணைகளில் அலகு மேற்பார்வை செய்யப்பட்ட திகதிகளையும், அத்திகதிகளுக்குரிய சம்பவத்திரட்டுக் குறிப்புகளின் பிரதிகளையும் தரவும். அத்திகதிகளுக்குரிய அலகின் மாணவர் வரவுத் தொகையையும் தரவும்."

கடைசி வரியை நாங்கள் முதல் கடிதத்தில் விட்டுவிட்டோம். கொப்பி இருந்தபடியால் தப்பினோம். உங்களிடம் கொப்பி இல்லையென்றால் அந்த வரியை விடாதீர்கள். மற்றப் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்காதீர்கள், அதைத் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கலாம். தொகையை மட்டும் கேளுங்கள்.