செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை: கேள்வி பதில்

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதைப் பற்றிக் கொங்குப் பகுதியின் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எஞ்சின் எடுக்க வேண்டுமானால் ப்ளக்கில் உரிய நேரத்தில் பொறி விழ வேண்டும், பெட்ரோலும் காற்றும் உரிய அளவில் கலந்து உள்ளே வர வேண்டும், அந்தக் கலவையை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன் இருக்க வேண்டும். இவற்றில் எது குறைகிறது என்று தெரியும் முன்பு எந்தப் பாகத்தையும் விலை கொடுத்து மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதையொட்டியே அமைந்துள்ளன.

கேள்வி (காங்கேயம்): என்னுடையது கார்ப்பரேட்டர் உள்ள 100 சிசி வண்டி. நேற்று மாலை வரை நன்றாக ஓடியது. இன்று காலை செல்ஃப் சுற்றுகிறது, கிக்கரும் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. ஒருவர் சிடிஐ போயிருக்கும் என்கிறார், இன்னொருவர் காயில் என்கிறார். எதை முதலில் மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம், ஐயா. சிடிஐ என்பது பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் மின்னணுப் பெட்டி; காயில் என்பது அந்தப் பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள். முதலில் செல்ஃபைத் தொடர்ந்து அழுத்துவதை நிறுத்துங்கள். ஒரு முறைக்கு 5 வினாடிக்கு மேல் அழுத்தாமல், அடுத்த முறைக்கு முன் 10 வினாடியாவது விட்டுக்கொடுத்தால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் பிழைக்கும். கில் சுவிட்ச் உள்ள வண்டியானால் அது சரியான நிலையில் உள்ளதா என்று பாருங்கள். சில வண்டிகளில் அது அணைந்திருந்தாலும் செல்ஃப் சுற்றும். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வுக்கு மாற்றினால் எடுக்கிறதா என்பவற்றையும் பார்த்துவிடுங்கள். இவை சிறிய விஷயங்கள் என்று தோன்றும், ஆனாலும் தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டிகளில் இவற்றாலேயே நின்றவையும் உண்டு.

அடுத்தது ப்ளக். செல்ஃபைச் சில முறை சுற்றிய உடனே அதைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வருகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். ஆகவே பொறியைச் சோதிக்க வேண்டும். முனை உலர்ந்து, பெட்ரோல் வாசனையே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் வரும் வழியைச் சோதிக்க வேண்டும். உங்களுக்குச் சொல்லப்பட்ட சிடிஐயும் காயிலும் முதல் வகையில் மட்டுமே சந்தேகத்துக்கு உரியவை. உலர்ந்த ப்ளக் உள்ள வண்டிக்குப் புதிய காயில் வாங்குவது வீண் செலவு.

பொறியைச் சோதிக்கும்போது ப்ளக்கை அதன் ஒயர் முனையிலுள்ள கேப்பில் மாட்டி, அதன் உலோக உடல் எஞ்சினின் வர்ணமில்லாத பகுதியில் நன்றாகப் படும்படி வைத்துச் செல்ஃபைச் சுற்ற வேண்டும். ப்ளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீச்சி வரும் என்பதால் துளையைத் துணியால் மூடி, ப்ளக்கை அதற்கு எட்டத்தில் வையுங்கள். ப்ளக்கை எஞ்சினில் படாமல் தொங்க விட்டுச் சுற்றினால் சிடிஐ கெட்டுப்போகக்கூடும். நீல நிறத்தில் சுள்ளென்று விழுவது நல்ல பொறி. மஞ்சளாக மெலிந்து விழுவது வெளியில் தெரிந்தாலும், சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தில் விழாமல் போகலாம். பொறியே இல்லாவிட்டால் முதலில் வேறொரு நல்ல ப்ளக்கையும், பிறகு ப்ளக் கேப்பையும், அதன் பிறகு சாவி சுவிட்ச், ஒயர் இணைப்புகள், எஞ்சின் சுற்றும் நிலையை உணர்ந்து சிடிஐக்குச் சொல்லும் பிக்கப் காயில் ஆகியவற்றையும் பார்த்துவிட்டு, காயிலையும் சிடிஐயையும் கடைசியில் சந்தேகப்படுங்கள். அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் சிடிஐயைச் சற்று நேரம் வாங்கி மாட்டிப் பார்ப்பது புதிதாக வாங்குவதைவிட நல்லது.

கேள்வி (அவிநாசி): நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ப்ளக் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது, பொறியும் நீலமாக விழுகிறது. அப்படியும் எடுக்கவில்லை.

பதில்: பெட்ரோல் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது. சோக்கை இழுத்து வைத்து ஆக்ஸிலேட்டரையும் பலமுறை திருகினால் இப்படி ஆகும். இழுத்த சோக்கைப் பழைய நிலைக்குத் தள்ளி, ப்ளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்தபடி கிக்கர் அடியுங்கள். காற்று நிறையப் போய் மிகுதிப் பெட்ரோலை வெளியேற்றும். ஒரே நாளில் இது திரும்பத் திரும்ப நடந்தால் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் நிறைந்ததும் வரத்தை நிறுத்தும் மிதவை ஊசி சரியாக அடைக்கவில்லை என்று கொள்ளலாம். அப்போது ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறதா என்றும், எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாசனை வருகிறதா என்றும் பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியை ஓட்ட வேண்டாம்.

கேள்வி (பொள்ளாச்சி): வாட்டர் சர்வீஸ் செய்து கொண்டுவந்த மறுநாள் காலையிலிருந்து வண்டி எடுக்கவில்லை. ப்ளக்கில் கரண்ட் வரவில்லை. எங்கள் பக்கம் தென்னை நார் ஆலைகள் அதிகம், அந்தத் தூசியும் காரணமாகுமா?

பதில்: கரண்ட் வராததற்குத் தூசி காரணமில்லை, தண்ணீர்தான் காரணம். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் ப்ளக் கேப்புக்குள் புகுந்து, பொறி ப்ளக்கின் முனைக்குப் போகாமல் வெளியிலேயே எஞ்சினுக்குக் கசிந்துவிடுகிறது. கேப்பை ஒயரிலிருந்து திருகிக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சை பூத்திருந்தால் ஒயரின் முனையில் கால் அங்குலம் வெட்டிவிட்டுப் புதிய செம்புக் கம்பியில் கேப்பைத் திருகுங்கள். பல வண்டிகளின் கேப்புக்குள் சுமார் 5 கிலோ ஓம் அளவுள்ள மின்தடை இருக்கும். மீட்டரில் அது எல்லையற்ற அளவு காட்டினால் கேப் போய்விட்டது. இருட்டில் செல்ஃபைச் சுற்றிப் பார்த்தால், ஒயர் வெடித்திருக்கும் இடத்தில் நீலக் கசிவு கண்ணுக்கே தெரியும். ப்ளக் இருக்கும் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்றிய பிறகே ப்ளக்கைக் கழற்றுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் இறங்கும்.

நார்த்தூசி ஏர் ஃபில்டரைத்தான் அடைக்கும். அடைபட்ட ஃபில்டர் வண்டியை எடுக்கவே விடாமல் செய்வது அரிது. புகையும் மந்தமும் முதலில் தெரியும். இருந்தாலும் உங்கள் ஊரிலும், பஞ்சு பறக்கும் ஸ்பின்னிங் மில் பகுதிகளிலும் கையேட்டில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே ஃபில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது.

கேள்வி (திருப்பூர்): என் வண்டி பிஎஸ் 6, இன்ஜெக்‌ஷன் உள்ளது. செல்ஃப் சற்று மெதுவாகச் சுற்றுகிறது, எடுக்கவில்லை. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிகிறது. இதில் நாமாக ஏதாவது பார்க்க முடியுமா, கம்பெனி சர்வீஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?

பதில்: பார்க்க முடியும், தம்பி. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் கார்ப்பரேட்டரை விட்டு, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதனால் நம் கையில் ஒன்றும் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நம் காதே முதல் கருவி. சாவியைப் போட்டவுடன் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று வினாடிகள் மெல்ல இரையும். அந்த ஓசை கேட்டால் பம்புக்கு மின்சாரம் போகிறது. கேட்காவிட்டால் ஃப்யூஸ், ரிலே, பம்பின் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். ஓசை கேட்பதாலேயே அழுத்தம் போதுமானது என்று சொல்லிவிட முடியாது. பல வண்டிகளில் சுமார் 3 பார் அழுத்தம் தேவைப்படும்; அதை அளக்கக் கேஜ் உள்ள பட்டறை வேண்டும்.

ஆனால் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் நான் முதலில் சந்தேகப்படுவது பேட்டரியை. நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் சுற்றும்போது அது 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், மோட்டார் எப்படியோ சுற்றிக்கொண்டிருக்க, பம்பும் இன்ஜெக்டரும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவும் போதிய மின்சாரம் இல்லாமல் வேலையை நிறுத்திவிடக்கூடும். கார்ப்பரேட்டர் வண்டியில் பழகியவர்கள் செல்ஃப் சுற்றுவதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அந்த முடிவு பொருந்தாது. சாதாரண மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்திப் பாருங்கள், அதற்கு முன் டெர்மினல் போல்ட்டுகளை இறுக்குங்கள்.

சாவியைப் போட்டதும் விளக்கு எரிவது இயல்பு. அணைய வேண்டிய நேரத்தில் அணையாமல் சிமிட்டினால் அது பழுதைச் சொல்லும் குறியீடு. பல வண்டிகளில் நீண்ட சிமிட்டல் பத்துகளையும் குறுகிய சிமிட்டல் ஒன்றுகளையும் குறிக்கும். அதை எண்ணிக் குறித்துக்கொண்டு சர்வீஸுக்குப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும். வண்டி கீழே விழுந்து தூக்கி நிறுத்தப்பட்டிருந்தால், சாய்வு சென்சார் எஞ்சினைத் தடுத்து வைத்திருக்கும்; சாவியை அணைத்து மீண்டும் போட்டால் பல வண்டிகளில் அது விலகும். சைடு ஸ்டாண்டு சுவிட்சையும் மண் போகத் துடைத்துப் பாருங்கள்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): மகன் வெளியூரில் படிப்பதால் அவனுடைய வண்டி தோட்டத்துச் சாளையில் ஏழெட்டு மாதமாக நிற்கிறது. புதிய பேட்டரி மாட்டினேன், செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எடுக்கவில்லை.

பதில்: பேட்டரிக்கு முன்பே பெட்ரோலைப் பார்த்திருக்கலாம், ஐயா. நீண்ட நாள் நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிஞ்சியது எளிதில் பற்றாது. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போவது அந்த அடிப்பகுதிதான். ஆகவே டேங்கிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ, வார்னிஷ் போல வாசனை வந்தாலோ, டேங்கை முழுவதும் காலி செய்து புதிய பெட்ரோல் ஊற்ற வேண்டும். கார்ப்பரேட்டர் வண்டியானால் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி அதையும் வடித்து, குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிரிழை அளவுள்ள அந்தத் துளையில் பிசின் அடைத்திருந்தால் என்ன செய்தாலும் வண்டி எடுக்காது. கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும்.

சாளையில் நின்ற வண்டியில் இன்னும் இரண்டு பகைகள் உண்டு. எலி ஒயரைக் கடித்திருக்கும், ஆகவே சீட்டையும் டேங்கையும் தூக்கி ஒயர் கட்டு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். குளவி, மண்கூட்டை டேங்கின் காற்றுக் குழாயிலும் சைலன்சர் வாயிலும் கட்டும். டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். ப்ளக்கைக் கழற்றிச் சில துளி எஞ்சின் ஆயில் விட்டுக் கையால் மெல்லச் சுற்றிய பிறகு செல்ஃபைத் தொடுவது, நெடுநாள் உலர்ந்து கிடந்த பிஸ்டன் ரிங்குகளுக்கு நாம் காட்டும் மரியாதை.

கேள்வி (வால்பாறை): தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஒவ்வோர் ஆண்டும் இதே தொல்லை. இரண்டு முறை வெடித்து நின்றுவிடுகிறது.

பதில்: டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் விழும் மழைநீர் வழிந்து போக ஒரு சிறு துளையும் குழாயும் உண்டு. அதில் மண் அடைத்தால் தண்ணீர் தேங்கி மூடியின் ரப்பரைத் தாண்டி டேங்குக்குள் இறங்கும். ரப்பரை மாற்றிக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே போன தண்ணீரை வடித்தெடுக்காமல் மேலே பெட்ரோல் ஊற்றுவதால் பயன் இல்லை.

கேள்வி (நாமக்கல்): செல்ஃபை அழுத்தினால் "சர்ர்" என்ற ஓசை மட்டும் வருகிறது. கிக்கர் அடித்தால் உடனே எடுக்கிறது.

பதில்: மோட்டார் மட்டும் சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை. செல்ஃபின் ஒருவழிக் கிளட்ச் தேய்ந்துள்ளது. பொறியையும் பெட்ரோலையும் தேட வேண்டாம்.

கேள்வி (கரூர்): பொறி நன்றாக இருக்கிறது, கார்ப்பரேட்டர் சுத்தம் செய்தாகிவிட்டது, ப்ளக் புதியது. காலையில் மட்டும் எடுக்கவே எடுக்காது, தள்ளிவிட்டால் எடுக்கும். சூடானபின் தொல்லை இல்லை. டேப்பட் சத்தம்கூட இல்லாத அமைதியான வண்டி.

பதில்: நீங்கள் கடைசியில் எழுதிய வரியில்தான் எனக்கு விடை தெரிகிறது. டேப்பட் சத்தமே இல்லாததைப் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் வால்வு தன் இருக்கையில் தேய்ந்து அமிழ அமிழ, வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்து, சத்தமும் குறைந்துகொண்டே வரும். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுவதும் மூடாது; செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில் கம்ப்ரஷன் கசிந்துவிடும். எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் உங்கள் மாடலுக்குச் சொன்ன அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். காதால் கேட்டு வைக்கும் டேப்பட்டை நான் ஏற்பதில்லை.

அதன் பிறகும் எடுக்காவிட்டால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்துவிட்டு, ப்ளக் துளை வழியாக ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு தெளிவாக உயர்ந்தால் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துள்ளன. உயராவிட்டால் பெரும்பாலும் வால்வில்தான் கசிவு. ஹெட் வேலையா, போர் வேலையா என்பதை இந்தச் சோதனையைச் செய்யாமல் முடிவு செய்யும் பட்டறைக்கு எஞ்சினைப் பிரிக்க அனுமதி கொடுக்காதீர்கள்.

கேள்வி (சத்தியமங்கலம்): திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது பாதி வளைவுகளில் வண்டி நின்றுவிடுகிறது. அப்போது செல்ஃப் சுற்றும், எடுக்காது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல எடுக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் குறை தெரிவதில்லை.

பதில்: ஆறிப்போன வண்டியில் இந்தக் குறையைக் காண முடியாது, நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும். அந்த 27 வளைவுகளில் எதிலும் வளைவின் உட்புறம் நிற்காமல், லாரி ஓட்டுநருக்குத் தெரியும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டுங்கள். முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். காற்றை இழுக்கும் ஓசை கேட்டு, உடனே வண்டியும் எடுத்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, அதற்கு மேல் பெட்ரோல் இறங்குவதில்லை. மூடியைத் திறந்தும் எடுக்காவிட்டால், மூடியை இறுக மூடிவிட்டு, பெட்ரோல் ஆவி கலைந்த பிறகு, கையோடு கொண்டுபோன உதிரி ப்ளக்கைக் கேப்பில் மாட்டி எஞ்சின் உலோகத்தில் வைத்துப் பொறியைப் பாருங்கள். எஞ்சினில் உள்ள ப்ளக்கைக் கழற்றத் தேவையில்லை. சூட்டில் பொறி இல்லாமல், ஆறியபின் பொறி வந்தால், பிக்கப் காயில் அல்லது இக்னிஷன் காயிலின் உள்சுற்று சூட்டில் விரிந்து தொடர்பு அறுகிறது. இரண்டில் எது என்பதை அறிய, வண்டியை நன்றாகச் சூடாக்கி, நின்ற உடனேயே இரண்டின் மின்தடையையும் மெக்கானிக்கை அளக்கச் சொல்லி, ஆறியபின் அளந்த அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சூட்டில் எல்லையற்ற அளவு காட்டும் காயிலை மட்டும் மாற்றினால் போதும்.