மறுமொழி: மேலே இருப்பவருக்கு என் வலி எப்படித் தெரியும்?

வணக்கம் சகோதரரே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டம் கைமாறி, லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்த சில மாதங்களிலேயே தாயாரையும் இழந்தீர்கள் என்றும், ஜெபிக்க உட்கார்ந்தால் 'மேலே இருப்பவருக்கு என் வலி எப்படித் தெரியும்?' என்ற கேள்விதான் எழுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது அவிசுவாசம் அன்று. வேதாகமத்தில் பெருந்துன்பம் அனுபவித்த யோபு பக்தனே, உமக்கு மாம்சக் கண்கள் உண்டோ, மனிதன் பார்க்கிறபடி பார்க்கிறீரோ என்று கடவுளிடம் கேட்டவர்தாம்.

அந்தக் கண்களை இயேசு ஏற்றுக்கொண்டார். யோவான் 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்பது தெரிந்திருந்தும், அவனுடைய சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு உள்ளம் கலங்கி, கல்லறைக்குச் செல்லும் வழியில் அவரும் கண்ணீர் விட்டார், அழாதே என்று அவளை அடக்கவில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் அவர் தமக்காகக் கேட்ட விடுதலையும் கிடைக்கவில்லை. ஆகவே, தாயாருக்காக நீங்கள் செய்த ஜெபம் பலிக்காமல் போன வேதனை அவருக்குப் புதிதன்று.

பங்களாவிலிருந்து உத்தரவிடும் தோட்டத் துரைக்குப் பயந்து வேலை செய்வோம். விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பில்) நம்முடன் நின்று, அதே ரப்பர் மர நிரையில் பால் வெட்டுகிறவர் 'வா' என்றால் நம்பிப் போவோம். ஆனால் கூட நிற்பவர் மனிதர் மட்டுமே என்றால் ஆறுதல் உண்டு, மீட்பு இல்லை. கி.பி. 451-இல் கல்கெதோன் சங்கம் (திருச்சபைத் தலைவர்கள் கூடிய பொதுச்சங்கம்) இயேசுவை முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று அறிக்கையிட்டதை இதனால்தான் நான் இறுகப் பற்றுகிறேன்.

இன்றிரவு அழகான ஜெபம் எதையும் தேட வேண்டாம். அந்த யோவான் 11-ஆம் அதிகாரத்தை வாய்விட்டு வாசித்துவிட்டு, லாசருவின் இன்னொரு சகோதரி மார்த்தாளைப் போல, 'நீர் இங்கே இருந்திருந்தால்' என்று உங்கள் மனக்குறையிலிருந்தே தொடங்குங்கள்.