ஏ.ஏ. கூட்டம்: முதல் நாள் என்ன நடக்கும்?

கேள்வி: எனக்கு வயது 43. சிறு நகரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆறேழு வருடங்களாகத் தினமும் குடிக்கிறேன். இப்போது நாளைக்கு இரண்டு குவார்ட்டர். காலையில் தராசில் எடைக்கல் வைக்கும்போது கை நடுங்குகிறது. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் அமைப்பு) கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார் மைத்துனர். அது எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? எழுந்து நின்று பேசச் சொல்வார்களா? சர்ச்சில் நடக்கிறது என்கிறார்களே, மதம் சம்பந்தப்பட்டதா?

பதில்: நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளையும் விட, போகிறபோக்கில் எழுதிய அந்த எடைக்கல் வரியில்தான் என் கண் நின்றது. காலை நடுக்கம் என்றால், இரவில் ரத்தத்தில் மது குறைந்ததும் உடம்பு அடுத்த அளவைக் கேட்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த நிலையில், “கூட்டத்துக்குச் சுத்தமாகப் போக வேண்டும்” என்று முந்தின நாளே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். மது பல வருடங்களாக மூளையை அழுத்தி வைத்திருக்கிறது. மூளையும் அதை எதிர்த்துத் தள்ளிப் பழகியிருக்கிறது. அழுத்தம் திடீரென்று விலகினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாத பூச்சிகள் ஊர்வதாகத் தெரிவது எல்லாம் வரலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. மாலை போட்ட கையோடு குடியை நிறுத்தி, மூன்றாம் நாள் ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். சில நாட்களுக்குப் படிப்படியாகக் குறைத்து மாத்திரை கொடுப்பார்கள், பி1 வைட்டமினும் சேர்த்து. கடையில் தூக்க மாத்திரை வாங்கி நீங்களே வைத்தியம் பார்க்க வேண்டாம். மைத்துனரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: குடியை நிறுத்தவென்று உங்களுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மாத்திரையை யார் சிபாரிசு செய்தாலும் வாங்க வேண்டாம். அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம்.

கூட்டம் நடக்கும் இடத்தை அதே மனநலப் பிரிவில் கேளுங்கள். அங்குள்ள ஆலோசகர்களுக்குப் பெரும்பாலும் உள்ளூர்க் குழுக்கள் தெரிந்திருக்கும். மும்பையில் இருக்கும் ஏ.ஏ. பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளத்திலும் தேடலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, வழிகாட்டுவார்கள். குழுவின் எண் கிடைத்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். எடுப்பவர் அநேகமாக உங்களைப் போலவே குடித்து மீண்டவராக இருப்பார். கூட்டம் தமிழில் நடக்கிறதா, வாசலுக்கு என்ன அடையாளம் என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய பெயர்ப் பலகையை எதிர்பார்க்காதீர்கள். மைத்துனரும் கூட வருவதாக இருந்தால், அது திறந்த கூட்டமா என்று விசாரியுங்கள். மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும்.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்? பார்க்கட்டும், அவரும் அதே வேலையாகத்தான் வந்திருப்பார். பெயர் வெளியிடாமை (‘அனானிமஸ்’) இந்த அமைப்பின் பெயரிலேயே இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை, முகவரி கேட்பதில்லை. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் பஸ் ஏறிப் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள்; பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். (உண்மையில், கடைத்தெருவில் நம் குடி யாருக்கும் தெரியாது என்று நம்புவது நாம் மட்டும்தான்.)

பேசச் சொன்னால், “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்றால் போதும். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். நடுவில் யாரும் குறுக்கிடுவதோ புத்தி சொல்வதோ வழக்கமில்லை. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். செலவுக்காக ஒரு பை சுற்றி வரும். புதியவர் போட வேண்டியதில்லை. கட்டணமும் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி. அன்று குடித்திருந்தாலும் போகலாம், பேசாமல் உட்கார்ந்து கேட்டால் சரி.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது ஏ.ஏ. அது எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. சர்ச் வளாகம், பள்ளி வகுப்பறை என்று குறைந்த வாடகைக்கு எது கிடைக்கிறதோ அங்கே கூடுகிறார்கள். பிரார்த்தனை உண்டு, “நம்மை விடப் பெரிய சக்தி” என்ற பேச்சும் உண்டு. அதை முருகனாக எடுத்துக்கொள்பவரும், அந்தக் குழுவையே சக்தியாக எடுத்துக்கொள்ளும் நாத்திகரும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்தப் பகுதி அவ்வளவாக ஒட்டுவதில்லை. அதற்காக நோயாளிகளை அனுப்பாமல் இருந்ததில்லை.

எல்லாக் குழுவும் எல்லோருக்கும் பொருந்தாது. முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு குழுவுக்கும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் குழுக்கள் இருக்கின்றன. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அவர்கள் போகலாம்.

பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். திறந்த கூட்டம் ஒன்றுக்கு நான் போயிருந்தபோது, புதிதாக வந்தவர் கைகளை மடியில் கோத்து மறைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தேநீர் ஊற்றிய பெரியவர் மற்றவர்களுக்கு டம்ளரை நிரப்பினார், அவருக்கு மட்டும் பாதி ஊற்றி, “சிந்தாது, குடியுங்கள். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள்” என்றார்.