மிடி கீபோர்ட்ல வாசிச்சா லில்லிபாண்ட்ல நோட்ஸ் தாறுமாறா வருது, என்ன பண்றது, யார்கிட்ட கேக்குறது?

நீங்க கேட்டது இதுதான்: சர்ச் கொயருக்கு நாலு குரல் ஸ்கோர் லில்லிபாண்ட்ல (நோட்டை எழுத்தா டைப் பண்ணா ஸ்கோரா அச்சடிச்சுக் கொடுக்கிற ப்ரோக்ராம்) போடணும், கையில 61 கட்டை யூஎஸ்பி கீபோர்ட் இருக்கு, டைப் பண்றதுக்குப் பதிலா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி அந்த மிடி ஃபைலை மாத்திப் பார்த்தா படிக்கவே முடியாத மாதிரி வருது, யார்கிட்ட உதவி கேக்குறதுன்னும் தெரியல. இதே இடத்துல நானும் நின்னிருக்கேன். எங்க கொயருக்காக 16 பார் சோப்ரானோ லைனை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி, லில்லிபாண்ட் கூடவே வர்ற மிடி-டூ-எல்ஒய் ப்ரோக்ராம்ல போட்டு, வந்ததைக் கையால சரி பண்ண உக்காந்தேன், மூணு ராத்திரி போச்சு, அப்பவும் முடியல. அதனால முதல்ல சொல்றேன், உங்க வாசிப்புலயும் தப்பு இல்ல, கீபோர்ட்லயும் தப்பு இல்ல. மிடிகிட்ட இல்லாத ஒண்ணை நாம அதுகிட்ட கேக்குறோம், அவ்வளவுதான்.

மிடி 1983-ல வந்தது. அந்த வருஷம் ஜனவரியில அமெரிக்காவுல 'நாம்' (NAMM)ங்கிற இசைக்கருவி கண்காட்சியில வேற வேற கம்பெனியோட ரெண்டு சிந்தசைசரை ஒரு கேபிள்ல இணைச்சு, ஒண்ணுல வாசிச்சா இன்னொண்ணு சத்தம் போடுதுன்னு காட்டினாங்க. அதுக்காக உருவான மொழி அது, ஸ்கோர் எழுதுறதுக்காக இல்ல. நீங்க ஒரு கட்டையை அழுத்தினா "60-ம் நம்பர் ஆன், இவ்வளவு வேகத்துல அழுத்தினாங்க"ன்னு ஒரு செய்தி போகும், விரலை எடுத்தா "60 ஆஃப்"னு ஒண்ணு. 60ங்கிறது மிடில் சி. இது குவார்ட்டர் நோட்டா, எய்த் நோட்டா, சோப்ரானோவா ஆல்டோவா, இதெல்லாம் அந்தச் செய்தியில கிடையவே கிடையாது. 61 வந்தா அது சி ஷார்ப்பா டி ஃப்ளாட்டான்னும் அதுக்குத் தெரியாது, ரெண்டுக்கும் ஒரே கட்டை, ஒரே நம்பர்.

ரெக்கார்ட் பண்ணும்போது நேரம் டிக் கணக்குல பதிவாகும். ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு 384 டிக்னு வச்சுக்கோங்க, மனுஷன் வாசிச்சா ஒரு நோட்டு 371 வரும், அடுத்தது 390 வரும், லெகாட்டோன்னு கொஞ்சம் பிடிச்சா ரெண்டு நோட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். காதுக்கு அது அழகு, ஆனா மாத்துற ப்ரோக்ராம் அதை அப்படியே நம்பி 4*119/384 மாதிரி நீளங்களா எழுதி வைக்கும், நீங்க பார்த்த குப்பை அதுதான். குவான்டைஸ் பண்ணலாம், அதாவது முன்ன பின்ன விழுந்த நோட்டைப் பக்கத்துல இருக்கிற சரியான தாளக் கட்டத்துக்கு நகர்த்தலாம், அந்த ப்ரோக்ராம்லயே ஆரம்ப நேரத்துக்குத் தனியா நீளத்துக்குத் தனியா ஆப்ஷன் இருக்கு, எத்தனை ஷார்ப் எத்தனை ஃப்ளாட்னு சொல்ற ஆப்ஷனும் இருக்கு, ட்ரிப்லெட் வந்தா அதை அனுமதிக்கிற ஆப்ஷனும் இருக்கு. ஆனா மெட்ரோனோம் கிளிக்கோட சேர்ந்து வாசிச்சிருந்தாத்தான் இதுக்கெல்லாம் பலன், ஏன்னா குவான்டைஸ் பண்ற கட்டம் டெம்போவை வச்சுத்தான் போடப்படுது, கிளிக் இல்லாம மனசுபோல வாசிச்சதை எவ்வளவு குவான்டைஸ் பண்ணாலும் தப்பான கட்டத்துல போய் உக்காரும்.

எனக்குப் பலன் கொடுத்த வழி வேற. சுரம் கீபோர்ட்லேர்ந்து வரட்டும், தாளத்தை நான் டைப் பண்ணுவேன். இப்படிப் பிரிச்ச அன்னைக்குத்தான் வேலை ஓட ஆரம்பிச்சது. இதுக்கு ஃப்ரெஸ்கோபால்டி வேணும், அது லில்லிபாண்டுக்குன்னே செஞ்ச இலவச எடிட்டர், ஒரு பக்கம் டெக்ஸ்ட், இன்னொரு பக்கம் ஸ்கோர், ஸ்கோர்ல ஒரு நோட்டைத் தொட்டா டெக்ஸ்ட்ல அந்த இடத்துக்குப் போகும். அதுல டூல்ஸ் மெனுவுல மிடி இன்புட்னு ஒரு பேனல் இருக்கு. ஆன் பண்ணிட்டு கட்டையைத் தொட்டா கர்சர் இருக்கிற இடத்துல நோட்டோட பேர் எழுத்தா விழும். மெதுவா, தாளமே இல்லாம, ஒவ்வொண்ணா அழுத்துங்க, அவசரமே வேண்டாம், நீளத்தை அது பார்க்கிறதே இல்ல. கார்ட் மோடு போட்டா சேர்த்து அழுத்தினதெல்லாம் ஒரே கார்டா கோண அடைப்புக்குறிக்குள்ள வரும், ஆனா கொயர் ஸ்கோருக்கு அதைப் போடாதீங்க, சோப்ரானோவை முழுசா முடிச்சிட்டு ஆல்டோ, அப்புறம் டெனர், பேஸ்னு தனித்தனி வேரியபிள்ல (பேர் வச்ச தனிப் பகுதி) வைங்க. பின்னாடி ஒரு குரலுக்கு மட்டும் தனி ஷீட் வேணும்னு கொயர்ல கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க, அப்ப அந்த வேரியபிளைக் கூப்பிட்டா போதும்.

அந்தப் பேனல்ல கீ சிக்னேச்சர் தேர்வு பண்ற பெட்டி ஒண்ணு இருக்கு, அதைத்தான் பாதிப் பேர் கவனிக்காம விட்டுடறாங்க. ஈ ஃப்ளாட் மேஜர் பாட்டை சி மேஜர்னு விட்டுட்டு வாசிச்சா 63-ம் நம்பர் டி ஷார்ப்பாவும் 70 ஏ ஷார்ப்பாவும் எழுதப்படலாம், ஸ்கோர் முழுக்க தேவையில்லாத ஷார்ப் நிக்கும், பாடுறவங்க திணறுவாங்க. சரியான கீயைச் சொல்லிட்டு வாசிச்சா அந்த ரெண்டும் ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட்டா வரும். பாட்டுக்குள்ள நடுவுல வர்ற ஆக்சிடென்டல் (கீக்கு வெளியே வர்ற ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல்) மட்டும் நீங்க ஒரு தடவை கண்ணால பார்த்து சரி பண்ணணும், அது எந்த மெஷினும் செய்யாத வேலை. இன்னொண்ணு, லில்லிபாண்டை 1996-ல ஆரம்பிச்சவங்க ரெண்டு பேரும் நெதர்லாந்துக்காரங்க, அதனால நீங்க எதுவும் சொல்லலேன்னா நோட்டுப் பேர் டச்சு முறையில இருக்கும், சி ஷார்ப் 'சிஸ்', எஃப் ஷார்ப் 'ஃபிஸ்', பி ஃப்ளாட் 'பெஸ்'. இங்கிலீஷ் முறை வேணும்னா ஃபைல் மேல லேங்குவேஜ் லைன் ஒண்ணு போடணும். நான் டச்சுலயே பழகிட்டேன்.

கையால டைப் பண்றவங்க எல்லாரும் விழுற ஒரு பள்ளம் இருக்கு, மிடியில வாசிச்சா அது தானா தப்பிச்சுப் போகும். கீ சிக்னேச்சர் டி மேஜர்னு போட்டுட்டு வெறும் எஃப் டைப் பண்ணா லில்லிபாண்ட் அதை எஃப் ஷார்ப்னு எடுத்துக்காது, எஃப் நேச்சுரல்னு எடுத்து நேச்சுரல் குறி போட்டு அச்சடிக்கும். அதுக்கு நீங்க எழுதுறது சத்தம், பேப்பர்ல எந்தக் குறி தெரியணுங்கிறதை கீயைப் பார்த்து அதுவே முடிவு பண்ணும். கீபோர்ட்ல நீங்க கறுப்புக் கட்டையைத்தானே தொடுவீங்க, அதனால எழுதும்போதே ஷார்ப்போட வந்துடும்.

ஆக்டேவ் விஷயம், மிடியில ஏத்தும்போது அப்சல்யூட் முறையில வச்சுக்கோங்க, அதுல மிடில் சிக்கு ஒரு மேற்கோள் குறி, அதுக்கு மேல சிக்கு ரெண்டு. ரிலேட்டிவ் முறையில ஒவ்வொரு நோட்டும் முந்தின நோட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதா எடுத்துக்கும், ஒரு இடத்துல தப்பினா அங்கேர்ந்து பாட்டு முழுக்க ஒரு ஆக்டேவ் ஏறிடும். எல்லாம் முடிஞ்ச பிறகு வேணும்னா ஃப்ரெஸ்கோபால்டியே ரிலேட்டிவா மாத்திக் கொடுக்கும்.

இப்ப தாளம். சுரமெல்லாம் வரிசையா நிக்குது இல்லையா, ரெண்டு பாரை செலக்ட் பண்ணி ரிதம் மெனுவுல அப்ளை ரிதம் கொடுங்க, ஒரு பெட்டி வரும், அதுல 4 8 8 4. 8னு நம்பரை மட்டும் இடைவெளி விட்டு அடிங்க, வரிசையா ஒவ்வொரு நோட்டுக்கும் ஒட்டிக்கும், பேட்டர்ன் தீர்ந்தா திரும்ப முதல்லேர்ந்து ஓடும். கொயர் பாட்டுல நாலு குரலும் பெரும்பாலும் ஒரே தாளத்துலதானே போகும், சோப்ரானோவோட ரிதத்தை காப்பி பண்ணி ஆல்டோ மேல பேஸ்ட் பண்ணா அந்த வேலையும் மிச்சம். நான் மூணு ராத்திரி போராடின அந்த 16 பார் இந்த வழியில ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சது. ரெஸ்ட், டை, ஸ்லர் இதெல்லாம் கையாலதான் போடணும். ஒவ்வொரு பார் முடிவுலயும் | ங்கிற செங்குத்துக் கோட்டை மறக்காம அடிங்க, பார்லைனை லில்லிபாண்டே வரைஞ்சுடும், இந்தக் கோடு சோதனைக்கு, கணக்கு எந்த பார்ல உதைக்குதோ அந்த லைன் நம்பரோட எச்சரிக்கை வரும். இது இல்லாம 60 பார் ஸ்கோர்ல ஒரு எய்த் நோட்டைத் தேடுறது ரொம்பக் கஷ்டம்.

கீபோர்டே தெரியலேன்னா வரிசையா பாருங்க. முதல்ல கேபிள், போன் சார்ஜ் கேபிள் சிலதுல டேட்டா லைனே இருக்காது. அடுத்து ஒரு மிடி மானிட்டர் ப்ரோக்ராம் திறந்து கட்டையைத் தொடுங்க, லினக்ஸ்னா அதோட சவுண்ட் சிஸ்டமான அல்சா கூடவே ஒரு டம்ப் கமாண்ட் வருது, நம்பர் ஓடினா கீபோர்டும் கேபிளும் நல்லா இருக்கு. விண்டோஸ்ல இன்னொரு சிக்கல், பல நேரம் ஒரு மிடி போர்ட்டை ஒரு ப்ரோக்ராம்தான் பிடிச்சு வச்சுக்க முடியும், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் பின்னாடி திறந்திருந்தா ஃப்ரெஸ்கோபால்டிக்குக் கிடைக்காது, அதை மூடிட்டு செட்டிங்ஸ்ல போர்ட் லிஸ்ட்டை ரெஃப்ரெஷ் பண்ணுங்க. லிஸ்ட்டே காலியா இருந்தா, மிடியைப் படிக்க ஃப்ரெஸ்கோபால்டிக்கு வேண்டிய போர்ட்மிடி லைப்ரரி இல்லாம இன்ஸ்டால் ஆகியிருக்கலாம். இது எதுவும் இல்லாம லில்லிபாண்ட் தனியா ஓடுதான்னு பார்க்க, கையால நாலு நோட்டு டைப் பண்ணி பிடிஎஃப் வருதான்னு பாருங்க.

இதையெல்லாம் பார்த்தபிறகு உதவி கேளுங்க, அப்பத்தான் கேள்வியே சரியா அமையும். லில்லிபாண்ட் யூசர்ஸுக்கு பல வருஷமா ஓடுற மெயிலிங் லிஸ்ட் ஒண்ணு இருக்கு, ரொம்ப நல்ல மனுஷங்க, ஆனா நான் முதல் தடவை 300 லைன் ஃபைலை அப்படியே அனுப்பிட்டு "வேலை செய்யல"ன்னு மட்டும் எழுதினேன், ஒருத்தர் பொறுமையா "பிரச்சனை தெரியுற மாதிரி ரெண்டு பார் மட்டும் அனுப்புங்க"ன்னு கேட்டார். அந்த ரெண்டு பாரை வெட்டி எடுக்கும்போதே மூடாம விட்ட ஒரு வளைவு அடைப்புக்குறி என் கண்ணுல பட்டுச்சு. அதனால சின்னதா வெட்டி, அப்படியே ஓடுற ஃபைலா அனுப்புங்க, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பாதீங்க, படத்தை யாரும் ஓட்டிப் பார்க்க முடியாது. முதல் லைன்ல வெர்ஷன் நம்பர் இருக்கணும், வெர்ஷனுக்கு வெர்ஷன் எழுதுற முறை மாறுது, பழைய ஃபைலை மாத்த கன்வெர்ட்-எல்ஒய்னு ஒண்ணு கூடவே வருது. எரர் நிறைய வந்தா முதல் எரரைக் காட்டுங்க, பின்னாடி வர்றதெல்லாம் பெரும்பாலும் அதோட விளைவு. வாட்ஸப், வேர்ட் வழியா காப்பி பண்ண டெக்ஸ்ட்ல நேர் மேற்கோள் குறி வளைஞ்சு போயிருக்கும், அது ஒண்ணே போதும் ஃபைல் ஓடாம நிக்க.

நீங்க கேக்கல, ஆனா தமிழ்ப் பாட்டுன்னா இதுவும் வரும். லில்லிபாண்ட் யூனிகோட் தமிழை நல்லாவே எழுதும், கொம்பு, துணைக்கால் எல்லாம் சரியா உக்காரும். ஆனா சர்ச் பாட்டு ஃபைல் நிறைய இன்னும் பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல இருக்கு, அதைப் பேஸ்ட் பண்ணா இங்கிலீஷ் எழுத்துக் குவியலாத்தான் வரும், யூனிகோடா மாத்திட்டுப் போடுங்க. வரியை எழுத்து எழுத்தா பிரிக்காதீங்க, பாடுற அசையா பிரிங்க, 'வந்தான்'னா 'வந் -- தான்', புள்ளி எழுத்து முன்னாடி எழுத்தோட ஒட்டித்தான் நிக்கணும், தனியா விட்டா அதுக்கு ஒரு நோட்டு போயிடும், அப்புறம் வரி முழுக்க ஒரு நோட்டு தள்ளிப் போகும். ஒரே அசையை நாலஞ்சு நோட்டுக்கு இழுத்தா ஸ்லர் போடுங்க, அடுத்த அசை தானா காத்திருக்கும்.

நீங்க ஏற்கனவே ரெக்கார்ட் பண்ண அந்த மிடி ஃபைலைத் தூக்கிப் போடாதீங்க. ஸ்கோர் ப்ளாக்ல லேஅவுட்டோட மிடி ப்ளாக்கும் சேர்த்துப் போட்டா லில்லிபாண்ட் பிடிஎஃப் கூடவே மிடியும் கொடுக்கும் (மிடி மட்டும் போட்டா பிடிஎஃப் வராது, ரெண்டும் வேணும்). ரெண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் கேளுங்க, கண்ணுக்குத் தப்பின நோட்டு காதுல சிக்கும், எங்க ஆல்டோவுல 11-ம் பார்ல விட்டுப்போன ஒரு நேச்சுரலை அப்படித்தான் பிடிச்சேன்.