கேள்வி – பதில்: கோடையில் அளந்த கிணறு

கேள்வி: புவியியலில் முதுகலைப் படிப்பை முடித்திருக்கிறேன். சுரங்கத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றுத் தரும் ஆலோசனை நிறுவனம் ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. மீத்தேன் எதிர்ப்புப் போராட்டத்தில் கலந்துகொண்ட என் அப்பா, "தோண்டுகிறவனுக்குக் காகிதம் எழுதிக் கொடுக்கிற வேலை நமக்கு எதற்கு?" என்கிறார். உண்மையில் அங்கே என்ன செய்வார்கள்? போகலாமா, ஐயா?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி. ஆய்வறிக்கைக்கான கூலியைத் திட்டம் கொண்டுவருகிறவரே கொடுக்கிறார் என்பது இந்தத் தொழிலின் பிறவிக் குறை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதில் இருக்கும் எனக்கு அதை மறைத்துப் பேச மனம் வரவில்லை. மன்னார்குடிக்காரர்களுக்கு இதில் கூடுதலாகவே சந்தேகம் இருக்கும். மீத்தேன் திட்டத்துக்கு 2015-இல் தமிழக அரசு தடை விதிக்கும் வரை உங்கள் ஊர் பட்ட பாடு அப்படி. ஆனால் மற்றப் பாதி என்னவென்றால், அந்தக் காகிதத்தில் எழுதப்படுவதை வைத்துத்தான் அனுமதி கிடைக்கிறது, மறுக்கப்படுகிறது, நிபந்தனைகள் விதிக்கப்படுகின்றன. அதை மண் தெரிந்தவர் எழுதாவிட்டால் மண் தெரியாதவர் எழுதுவார்.

வேலையின் சட்டகம் 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலிருந்து வருகிறது. திட்டம் எந்தப் பிரிவில் அடங்கும் என்று பார்ப்பது, எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற வரையறையைப் பெறுவது, கள ஆய்வு செய்து வரைவு அறிக்கை எழுதுவது, கருத்துக்கேட்புக் கூட்டம், அதன் பிறகு நிபுணர் குழுவின் பரிசீலனை என்று அது போகும். மாநில அளவிலான கோப்புகள் சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் போகும். அனுமதி வந்த பிறகும் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படியும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின்படியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். தொடங்குவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. இதையெல்லாம் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம்.

கற்றுக்கொள்ளக் கடினமானது கள ஆய்வுதான். சுரங்கத்துக்கான குத்தகை நிலத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வட்டத்தில் காற்று, நீர், மண், இரைச்சல் எல்லாவற்றையும் மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் அளக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் பன்னிரண்டு வாரம், ஊராட்சி அலுவலக மொட்டைமாடியில் தூசு உறிஞ்சும் கருவியை வைத்து, அதற்குள் இருக்கும் வெள்ளை வடிதாளை முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்ப்பீர்கள். இரவில் மின்சாரம் போனால் இருபத்து நான்கு மணிநேரக் கணக்கு கெட்டுப்போகும்; மறுபடி முதலிலிருந்து ஓட விட வேண்டும். அந்த ஓட்டையை மேசையில் உட்கார்ந்தபடியே நிரப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. முதல் மாதத்திலேயே உங்களுக்கு அந்த யோசனையை ஒருவர் சொல்வார்.

டெல்டாவில் இதைவிடப் பெரிய சிக்கல், 'மழைக்காலம் அல்லாத பருவம்' என்ற அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நடைமுறையில் அது மார்ச் முதல் மே வரை என்றாகிவிடுகிறது. வழக்கப்படி மேட்டூர் அணை திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. ஆகவே ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் இல்லாத காலத்தைத் தேர்ந்தெடுத்து அளந்துவிட்டு, அதுவே இந்த ஊரின் இயல்பு என்று எழுதுகிறோம். தொழிலுக்கு வந்த புதிதில் கொள்ளிடத்தின் தென்கரையில் ஒரு கிணற்றை மே மாதத்தில் அளந்தேன். கயிறு இறங்கிக்கொண்டே போய் முப்பது அடிக்குக் கீழேதான் நனைந்தது. 'தோண்டும் ஆழம் நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடாது' என்று நிம்மதியாக எழுதினேன். நிபுணர் குழுவின் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பக்கத்தைப் புரட்டி, "இது எந்த மாதம்?" என்று மட்டும் கேட்டார். கோப்பு திரும்பி வந்தது. டிசம்பரில் மறுபடியும் போனபோது கிணற்றுக்காரர் வீட்டு அம்மாள் சுவரில் சாய்ந்து நின்று, கயிறே இல்லாமல் சொம்பால் மொண்டுகொண்டிருந்தார். மே மாதத்தில் நான் எழுதியது பொய்யில்லை. ஆனால் ஆண்டில் பாதிக்கு அது செல்லாது.

எனவே போங்கள் என்றுதான் சொல்வேன், ஒரு விசாரிப்போடு. சுரங்கத் திட்டங்களுக்கு அறிக்கை தயாரிக்கும் நிறுவனம் தேசிய அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அறிக்கையின் ஒவ்வொரு துறைப் பகுதிக்கும் அதற்குரிய நிபுணர் பெயரோடு கையெழுத்திட வேண்டும். நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், நிலத்தடி நீர்ப் பகுதியில் யார் கையெழுத்திடுகிறார், அவர் களத்துக்கு எத்தனை முறை போகிறார் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு நிறுவனம் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் கொள்ளிடத்தில் மணல் குவாரி அமைக்கக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கப்போவதாக நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. ஆதரவுக்கு வண்டி வைத்து ஆள் கூட்டி வருவார்கள் என்கிறார்கள். நாங்கள் நாற்பது பேர் போய் என்ன ஆகப்போகிறது?
(விவசாயி, பாபநாசம் வட்டம்)

பதில்: அது வாக்கெடுப்பு இல்லை என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று எண்ணி முடிவெடுக்க விதியில் இடமில்லை. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கையும் கிடையாது. எழுப்பப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் பதில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. 'குவாரி வேண்டாம்' என்று நாற்பது பேர் சொன்னால் அது ஒரே வரியாகப் பதிவாகும். நாற்பது பேரும் ஆளுக்கொரு கிணற்றைப் பற்றிக் கேட்டால் நாற்பது பதில்கள் எழுதியாக வேண்டும்.

கருத்துச் சொல்வதற்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரப்படுகிறது. வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். போய் உட்கார்ந்து படியுங்கள். தமிழ்ச் சுருக்கங்களின் தரத்தைப் பற்றி எனக்கு நீண்ட நாள் வருத்தம் உண்டு. 'ஓவர்பர்டன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மேல்மண் குவியல் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அதிகப் பாரம்' என்று எழுதப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கொள்ளிடத்துத் திட்டம் ஒன்றின் சுருக்கத்தில் மூன்றாம் பக்கம் 'பாலாற்றின் கரையில் வாழும் மக்கள்' என்று ஆரம்பித்தது. பழைய கோப்பிலிருந்து எடுத்து ஊர்ப்பெயரை மாற்றும்போது ஒன்று தப்பிவிட்டது. இப்படி ஒன்று கண்ணில் பட்டால், அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். உரக்கப் பேசுவதைக் காட்டிலும் அதற்கு வலிமை அதிகம்.

பிறகு மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கிணறுகளின் நீர்மட்டம் எந்த மாதத்தில் அளக்கப்பட்டது? கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கிணறுகளும் பாலங்களும் எவ்வளவு தூரத்தில் இருப்பதாகக் காட்டப்பட்டிருக்கின்றன? தோண்டும் ஆழம் என்ன? மத்திய அமைச்சகத்தின் 2016-ஆம் ஆண்டு மணல் வழிகாட்டு நெறிகள், மூன்று மீட்டர் அல்லது நீர்மட்டம், இவற்றில் எது குறைவோ அதற்குமேல் தோண்டக் கூடாது என்கின்றன. ஆற்றுமணல் வெறும் மண் இல்லை, தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை அறிக்கை சொல்கிறதா என்று பார்க்க வேண்டியது உங்கள் வேலை.

கூட்டத்துக்கு ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் (மாஜிஸ்திரேட்) நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். நிகழ்வு முழுவதும் காணொளியாகப் பதிவாகும். பேசி முடித்ததும் பேருந்துக்கு ஓடிவிடாதீர்கள். பேசப்பட்டவற்றின் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவில் தமிழில் படித்துக் காட்டி, அன்றே கையெழுத்தாக வேண்டும். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அதைச் சேர்க்கச் சொல்லும் நேரம் அதுதான், அப்போது பந்தலில் பெரும்பாலும் நாற்காலிகள்தான் இருக்கும். அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டாலும் 30 நாளுக்குள் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள்.

கேள்வி: வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்த பிறகும் மணல் குவாரி எப்படி வருகிறது?
(வாசகர், திருவாரூர்)

பதில்: டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020 பிப்ரவரிச் சட்டம் எல்லாத் தோண்டலையும் தடுக்கவில்லை. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு ஆகியவற்றின் ஆய்வும் எடுப்பும், சில உருக்காலைகள், தோல் பதனிடும் தொழில் போன்றவை அதன் தடைப்பட்டியலில் உள்ளன. ஆற்றுமணலும் சவுடும் கிராவலும் அதில் இல்லை. சட்டம் பிறந்த சூழலை நினைத்தால் காரணம் விளங்கும்: அந்த ஆண்டு ஜனவரி 16-இல்தான் மத்திய அரசு எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று விதியைத் திருத்தியது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் சூட்டில் வந்தது இது. 2023 மார்ச் இறுதியில் ஒரத்தநாடு வட்டத்து வடசேரி உள்ளிட்ட மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலில் வந்து, ஏப்ரலில் நீக்கப்பட்டதும் நினைவிருக்கும்.

கேள்வி: எனக்கு மேட்டு நிலம் நான்கு ஏக்கர் இருக்கிறது. சாலை ஒப்பந்ததாரர் ஒருவர் கிராவல் எடுத்துக்கொண்டு நிலத்தைச் சமன் செய்து தருவதாகச் சொல்கிறார். சாலை வேலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லையாம். நம்பலாமா?
(வாசகர், செங்கிப்பட்டி)

பதில்: அவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். சாலை, குழாய்ப்பாதை போன்ற நீள்வாட்டுத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க 2020 மார்ச்சில் விலக்கு தரப்பட்டது உண்மை. அளவும் வரம்பும் இல்லாத அந்த விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21-இல் ரத்து செய்துவிட்டது. மேலும் கிராவலைச் சாதாரண மண் என்று பெயர் மாற்றி எடுத்துப்போகும் பழக்கமும் உண்டு, இரண்டும் ஒன்றில்லை. சிறு கனிமமாக இருந்தாலும், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தாலும் அனுமதி வேண்டும் என்பது 2012-இல் தீபக் குமார் வழக்கிலேயே முடிவான விஷயம்.

ஐந்து ஹெக்டேருக்குள் இருந்தால் கருத்துக்கேட்பு இல்லாமல் எளிய வழியில் அனுமதி கிடைக்கும் என்பதால், எங்களிடம் வரும் வரைபடங்கள் பலவற்றில் பரப்பு 4.90 என்றும் 4.95 என்றும் இருக்கும். எல்லைக்கல் நட்ட கை யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் 500 மீட்டருக்குள் அடுத்த குவாரி இருந்து, இரண்டும் சேர்ந்து ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் தொகுப்பாகக் கணக்கிட்டு, முழு அறிக்கையும் கருத்துக்கேட்பும் கேட்பார்கள். உங்கள் நிலம் சிறியது என்பதால் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் விடாதீர்கள். கனிமவளத் துறையின் அனுமதியும் வண்டிக்கு நடைச்சீட்டும் இல்லாமல் ஒரு டிப்பர்கூடக் கிளம்பக் கூடாது. வண்டி பிடிபட்டால் ஒப்பந்ததாரரின் கைபேசி அணைந்துவிடும், பட்டாவில் இருக்கும் பெயர் உங்களுடையது.

கேள்வி: அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சுற்றுச்சூழல் அலுவலராகச் சேர்ந்து நான்கு மாதமாகிறது. அரையாண்டு அறிக்கை தயாரிக்கச் சொன்னார்கள். எப்படி என்று கேட்டால், "போன தடவை கொடுத்ததில் தேதியை மாற்றிக் கொடு, போதும்" என்கிறார் மேலாளர்.
(வாசகர், திருவையாறு)

பதில்: அனுமதி ஆணையில் இருக்கும் ஒவ்வொரு நிபந்தனையும் நிறைவேறுகிறதா என்று ஜூன் 1-இலும் டிசம்பர் 1-இலும் தெரிவிக்க வேண்டிய அறிக்கை அது. வருகிற அறிக்கைகளை அனுமதி கொடுத்த அலுவலகத்தில் யாரும் படிப்பதில்லை என்று உங்கள் மேலாளர் நினைக்கிறார். பெரும்பாலும் அப்படித்தான் என்பதும் உண்மை. ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் படிப்பார்கள், அப்போது ஆறேழு ஆண்டு அறிக்கைகளை வரிசையாக அடுக்கி வைத்துப் படிப்பார்கள். அப்படி ஒரு கட்டு ஒருமுறை என் மேசைக்கு வந்தது. ஆறு அறிக்கைகளிலும், சுரங்கத்தைச் சுற்றி மரம் வளர்க்க வேண்டிய பசுமை வளையத்துக்குச் சான்றாக ஒரே படம்: கிழக்கே சாய்ந்த ஒரு வேப்பங்கன்று, அதன் பின்னால் பாதி மறைந்த ஒரு டிப்பர். மூன்றாண்டுகளாக அந்தக் கன்று ஒரு இலைகூட விடவில்லை.

மேலாளரிடம் சட்டத்தைப் பேசாதீர்கள், பணத்தைப் பேசுங்கள். ஒடிசாவின் இரும்புத் தாது, மாங்கனீசுச் சுரங்கங்கள் பற்றிய வழக்கில் 2017 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம், அனுமதியில் குறித்த அளவுக்குமேல் வெட்டியெடுத்த கனிமத்தின் மதிப்பை முழுவதுமாக வசூலிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே அனுமதியில் இருக்கும் ஆண்டு உற்பத்தி அளவையும் நடைச்சீட்டுகளின் கூட்டுத்தொகையையும் முதலில் ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு அவர் குரல் மாறக்கூடும். அடுத்து, குத்தகை எல்லையை ஒட்டி விட வேண்டிய 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளியை நாடா பிடித்து நீங்களே அளங்கள், மழைநீர் வடிகால் தூர்ந்திருக்கிறதா பாருங்கள். நிறைவேறாததை 'நிறைவேறவில்லை, இந்த மாதத்துக்குள் செய்யப்படும்' என்று எழுதுவதில் தவறில்லை. அப்படி எழுதிய அறிக்கைக்காக யாரும் தண்டிக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. உங்கள் சுரங்கத்தின் பழைய அறிக்கையிலும் ஒரு கன்றின் படம் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அது இன்னும் அங்கே நிற்கிறதா என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.