பின்னால் வரும் ஜீப்புக்குத் தனி பிரேக் வேண்டுமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். பெட்ரோல் மோட்டார்ஹோமுக்கு (வீடு மாதிரி தங்கும் வண்டி) பின்னால், நாலு சக்கரமும் தரையில் உருள, நாலு கதவு ஜீப் ராங்ளரை இழுத்துக்கொண்டு கொலராடோ போகத் திட்டம். மோட்டார்ஹோம் பிரேக்கே போதும் என்கிறார் நண்பர். தனி பிரேக் தேவையா? பெட்டி வகையா, நிரந்தர வகையா?

பதில்: தேவை. உங்கள் ஜீப் 4,000 பவுண்டுக்கு மேல் இருக்கும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினாலே இழுபடும் வண்டிக்கு பிரேக் கட்டாயம். சட்டத்தை விடுங்கள், மலை இறக்கத்தில் அவ்வளவு எடை பின்னாலிருந்து தள்ளினால் நண்பரா வந்து நிறுத்தப்போகிறார்?

பெட்டி வகை ஓட்டுநர் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே உட்கார்ந்து, வேகம் குறைவதை உணர்ந்து பெடலை அழுத்தும். கார் மாற்றினால் கூடவே எடுத்துப் போகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வேலை உண்டு: இன்ஜினை அணைத்து, பெடல் கல் மாதிரி இறுகும்வரை மிதித்துவிட்டுத்தான் பெட்டியை வைக்க வேண்டும். பெடலை லேசாக்கும் பூஸ்டரில் வேக்குவம் (உறிஞ்சு விசை) மிச்சமிருந்தால் பெடல் லேசாக இறங்கும், முதல் அழுத்தலிலேயே சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். அவசரத்தில் பலர் விடுவது இதைத்தான்.

எப்போதும் இதே ஜீப்தான் என்றால் என் ஓட்டு, ஜீப்பிலேயே பொருத்திவிடும் நிரந்தர வகைக்கு. ஏர் பிரேக்கில் இணைக்கும் மாடலை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். அது ஏர் பிரேக் உள்ள பெரிய டீசல் வண்டிகளுக்கு. உங்களுடையது ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்தத்தில் இயங்குவது. வயரிங் பழக்கம் இருந்தால் ஜீப்பின் பின் விளக்குகளை மோட்டார்ஹோமோடு இணைக்கும் வேலையை நீங்களே செய்யலாம், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடை மட்டும் மறக்கக்கூடாது. வேக்குவம் குழாயில் கை வைக்கும் வேலையைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

ஜீப் கழன்றுகொண்டால் பிரேக் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கேபிளை இழுவைக் கம்பியில் மாட்டாதீர்கள். கம்பியே பிய்த்துக்கொண்டால் கேபிளும் சேர்ந்து போய்விடும், பிரேக்கைப் பிடிக்கவைக்கும் சுவிட்சின் பின் (pin) உருவிக்கொள்ளாது. மோட்டார்ஹோமின் அடிச்சட்டகத்தில் (சேசிஸ்) மாட்டுங்கள். கிளம்பும் முன் பின்னை உருவி, ஜீப் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஜீப் பேட்டரிக்கு ஒரு சார்ஜ் லைனும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் முகாமில் ஸ்டார்ட் ஆகாது.

அப்புறம், மோட்டார்ஹோம் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இல்லாத செட்டை வாங்கவே வேண்டாம். ஜீப் பிரேக் பிடித்தபடியே இழுபட்டால் முன்னால் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை தாண்டியதும் நீண்ட இறக்கம். சின்ன கியருக்கு மாறுங்கள், பிரேக்கை அழுத்திப் பிடித்து முழுசாக விடுங்கள். காலைப் பெடலிலேயே வைத்திருக்காதீர்கள். கீழே இறங்கியதும் நிறுத்தி ஜீப்பின் சக்கரங்களை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால், மேற்கொண்டு போகாமல் அங்கேயே சரிபாருங்கள்.